வெப்பக் காற்று வரைந்த கார்கள்

ஃபார்முலா ஒன் காரைப் பார்த்ததும் எல்லார் கண்ணும் முன்சிறகுக்கோ பின்சிறகுக்கோதான் போகும். நான் தேடுவது ஓட்டுநரின் முழங்கைக்குப் பக்கத்தில், காரின் விலாவில் திறந்திருக்கும் காற்றுவாயை. அது அகலமா, ஒடுக்கமா? படுத்திருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா? மேல் உதடு முன்னே வந்திருக்கிறதா, கீழ் உதடா? உள்ளே போன காற்று எந்த வழியாக வெளியே வருகிறது? இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் காரின் நிறமே என் கண்ணில் படும். இந்தக் கார்களின் உருவத்தை வேகம் செதுக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். செதுக்குவதில் பெரும்பங்கு சூட்டுக்கு என்பேன் நான். இன்ஜின் கக்கும் சூட்டை எங்கே வைத்து ஆற்றுவது, ஆற்றிய காற்றை எங்கே வெளியேற்றுவது என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒரு அணி கண்டுபிடித்த விடைதான் நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்த வளைவுகள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2014 முதல் 2025 வரை ஓடிய 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் இன்ஜின்கள் மனிதர்கள் செய்த பெட்ரோல் இன்ஜின்களிலேயே திறமைசாலிகள். 2017இல் மெர்சிடிஸ் தன் சோதனைக் கூடத்தில் 50 சதவீத வெப்பத்திறனைத் தாண்டியதாக அறிவித்தது. நினைத்தாலே சிலிர்க்கும் எண் அது. அப்படியும் எரிபொருளின் மீதிப் பாதி சூடாகத்தான் வீணாகிறது. புகைக்குழாய் வழியே போனது போக, மிச்சத்தைத் தண்ணீரும் எண்ணெயும் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வந்து சேர வேண்டும். டர்போ அழுத்திய காற்று சுடச்சுட வருவதால் அதை ஆற்ற இன்டர்கூலர் வேண்டும். பேட்டரிக்கும் மின்னணுப் பெட்டிகளுக்கும் தனி ஏற்பாடு, கியர்பாக்ஸ் எண்ணெய்க்கும் ஹைட்ராலிக்ஸுக்கும் இன்னொன்று. இத்தனையும் சுமார் 2 மீட்டர் அகலக் காருக்குள், ஓட்டுநர், பெட்ரோல் டேங்க், இன்ஜின் எல்லாம் இடம் பிடித்தது போக மிஞ்சும் சந்துபொந்துகளில் அடங்கியாக வேண்டும்.

இதில் என்னை மயக்குவது காற்று உள்ளே போய் வரும் வழி. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றை அப்படியே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் விட்டால் இழுவிசைதான் மிஞ்சும். அதனால் வாயைச் சின்னதாக வைத்து, உள்ளே குழாயை விரிக்கிறார்கள். விரியும் இடத்தில் காற்று வேகம் தணிகிறது, அழுத்தம் ஏறுகிறது, நிதானமாக ரேடியேட்டரைக் கடந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. பிறகு குழாய் மறுபடி ஒடுங்குகிறது, காற்று வேகமெடுத்து வெளியேறுகிறது. சூடேறிய காற்று விரிவடைவதால் அது வெளியேறும்போது கொஞ்சம் உந்துவிசையும் கிடைக்கும் என்று 1930களிலேயே பிரிட்டனின் ஃபிரெடெரிக் மெரிடித் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்தின் வயிற்றடியில் தொங்கும் அந்தக் காற்றுக்குழாயில் வேலை செய்தது அதே கணக்குதான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. குளிர்விக்கும் நீரை அழுத்தத்தில் வைத்தால் 100 பாகையைத் தாண்டியும் அது கொதிக்காது. நீர் எவ்வளவு சூடோ, அதற்கும் வெளிக்காற்றுக்கும் இடைவெளி அவ்வளவு பெரிது. இடைவெளி பெரிதானால் ரேடியேட்டர் சிறிதாகலாம். சின்ன ரேடியேட்டர், ஒடுங்கிய உடம்பு, வேகமான கார். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாமே அசையும்.

இந்தக் கலையின் பொற்காலம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 2022இன் தொடக்கம். அந்த ஆண்டு விதிகள் தலைகீழாக மாறின. காரின் பக்கவாட்டில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த பார்ஜ்போர்டுகள் போயின. காரின் அடித்தளத்தில் வெஞ்சுரிச் சுரங்கங்கள் திரும்பி வந்தன. தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதே, அதுபோலத் தரைக்கும் காருக்கும் நடுவே ஒடுங்கும் இடத்தில் காற்று சீறுகிறது, அங்கே அழுத்தம் விழுகிறது, கார் சாலையோடு ஒட்டிக்கொள்கிறது. முன்சக்கரங்கள் கிளப்பிவிடும் கலங்கிய காற்று இந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது. அதைத் தள்ளிவிட்ட பார்ஜ்போர்டு அப்போது இல்லை. அந்தக் காவல் வேலையில் பெரும்பகுதி சைட்பாட் என்ற பக்கப்பெட்டியின் தலையில் விழுந்தது. ரேடியேட்டரை மூடி வைக்கும் பெட்டியாக இருந்தது, ஒரே நாளில் காரின் மிக முக்கியமான ஏரோ உறுப்பாகிவிட்டது. ஒரே விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று பெரிய அணிகள் மூன்று திசையில் போன அழகை என்னவென்று சொல்ல!

முதலில் ஃபெராரியின் எஃப்1-75. பக்கப்பெட்டிகள் அகலமாக, நீளமாகப் பின்சக்கரம் வரை போகும். மேற்பரப்பு உள்ளே குழிந்திருக்கும். ரசிகர்கள் பாத்டப் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அந்தக் குழியின் மேல் சூட்டுக் காற்றை வெளியேற்றும் கீற்றுகள், வரிசையாகச் செவுள்கள் போல. 2009இல் விதிகள் தடை செய்திருந்த அந்தச் செவுள்களை 2022 விதிகள்தான் மறுபடி அனுமதித்தன. ஃபெராரி அவற்றைச் சிவப்பு உடம்பில் வெட்டி வைத்திருந்த விதத்தைப் பார்த்தால், தேவைக்கு வைத்தது போலவே இருக்காது, யாரோ சிற்பி வைத்தது போல இருக்கும். பஹ்ரைனில் முதல் பந்தயத்திலேயே அதன் ஓட்டுநர்கள் லெக்லேர் முதலிடம், சைன்ஸ் இரண்டாமிடம். நிறுத்தி வைத்த நிலையில் பார்க்க, கடந்த இருபது ஆண்டுகளில் அதைவிட அழகான ஃபார்முலா ஒன் கார் வரவில்லை. இதை யாரோடு வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

ஆனால் என் நெஞ்சை அள்ளியது மெர்சிடிஸ் டபிள்யூ13. பிப்ரவரி இறுதியில் பார்சிலோனாவில் வந்தபோது அதற்கு வழக்கமான, கொஞ்சம் ஒல்லியான சைட்பாட் இருந்தது. மார்ச் 10 அன்று பஹ்ரைன் சோதனை ஓட்டத்துக்கு வந்தபோது சைட்பாட்டையே காணோம்! ஓட்டுநர் தொட்டியின் இருபுறமும் செங்குத்தாக ஒரு ஒடுங்கிய கீற்று, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் உடம்பு நேராக இன்ஜினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது. அன்று காலை போனில் அந்தப் படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேடியேட்டர் எங்கே? பக்கவாட்டு மோதலைத் தாங்கும் குழாய்கள் விதிப்படி இருந்தாக வேண்டுமே, அவை எங்கே? மேல் குழாய் உடம்புக்கு வெளியிலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சிறகு வடிவ உறையைப் போர்த்தி, அதன் நுனியில் கண்ணாடியையும் மாட்டியிருந்தார்கள். பாதுகாப்புக்காகக் கட்டாயமாக்கிய ஒரு உறுப்பை ஏரோ ஆயுதமாக மாற்றிய அந்தத் துணிச்சலுக்கு இன்று வரை நான் அடிமை. உள்ளே குளிர்விப்பான்களை நடுப்பக்கமாக நகர்த்தி அடுக்கிய பொறியாளர்களின் பொறுமையை நினைத்தால் கைகூப்பத் தோன்றும்.

அந்தக் கார் ஜெயிக்கவில்லையே என்பார்கள். ஜெயித்தது. நவம்பரில் இன்டர்லாகோஸில் அதன் ஓட்டுநர்கள் ரஸல் முதலிடம், ஹாமில்டன் இரண்டாமிடம்; ரஸலின் முதல் வெற்றி அது. ஆனால் ஆண்டு முழுக்க ஒரே வெற்றிதான் என்பதும் உண்மை. தரையை உறிஞ்சும் அடித்தளம் ஒரு வேகத்துக்கு மேல் காற்றோட்டம் அறுந்து மேலே எழும்பி, மறுபடி உறிஞ்சி, மறுபடி எழும்பி, காரை நேர்ச்சாலையில் குதிக்க வைத்தது. பாகுவில் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கிய காட்சியை மறக்க முடியாது. சைட்பாட் இல்லாததால் அடித்தளத்தின் மேற்பரப்பு அகலமாகத் திறந்து கிடந்தது. தாங்கிப் பிடிக்க மேலே உடம்பு இல்லாத அந்த விளிம்பை விறைப்பாக வைத்திருப்பது பெரும்பாடு. தோல்விப் பழியை முழுக்க அந்த ஒடுங்கிய விலாவின் மேல் போடுவது அநியாயம் என்பது என் கட்சி. காரின் உயரம், சஸ்பென்ஷன், அடித்தளத்தின் வடிவம் என்று பல விஷயங்கள் பின்னிக் கிடந்தன.

மூன்றாவது, ரெட் புல் ஆர்பி18. அறிமுக விழாவில் அவர்கள் காட்டியது வெறும் காட்சிக் கார். உண்மையான வடிவத்தைப் பார்சிலோனா வரை மறைத்து வைத்திருந்தார்கள். காற்றுவாயின் கீழ் உதடு முன்னால் நீண்டிருக்கும். அதற்கு அடியில் உடம்பு ஆழமாக உள்வாங்கியிருக்கும், ஒரு ஆளே படுக்கலாம் போல. மேல்தளம் பின்னோக்கிச் சரிந்து இறங்கும். அடிக்குழிவில் ஓடும் காற்று அடித்தளத்தின் விளிம்பைக் காக்கிறது. மேல்சரிவில் வழியும் காற்று பின்சக்கரங்களுக்கு நடுவில் இறங்கி, அடித்தளத்தின் பின்முனையான டிஃப்யூசருக்கு உயிர் கொடுக்கிறது. ரேடியேட்டரிலிருந்து வரும் சூட்டுக் காற்றில் பெரும்பகுதியை இன்ஜின் உறையின் வால் வழியாக, பின்சிறகின் எளிதில் பாதிக்கப்படும் பகுதிக்குக் கெடுதல் வராத இடமாகப் பார்த்து விடுகிறார்கள். கல்லூரியில் இறுதியாண்டு ஆய்வையே இந்தத் தரை உறிஞ்சல், அதாவது கிரவுண்ட் எஃபெக்ட் பற்றி எழுதிய வடிவமைப்பாளர் அட்ரியன் நியூயி இருந்த அணி, காரைக் குதிக்காமல் வைத்திருந்ததில் எனக்கு வியப்பில்லை. அதன் வாரிசு ஆர்பி19, 2023இன் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது.

அதே 2023இல் மொனாக்கோவில் நடந்தது ரசிகர்களுக்கு ஒரு திருவிழா. இமோலாவுக்காகப் புதிய சைட்பாட் தயாரித்து வைத்திருந்த மெர்சிடிஸ், அங்கே வெள்ளம் வந்து பந்தயம் ரத்தானதால் அதை மொனாக்கோவில் மாட்டியது. ஒடுங்கிய விலா அன்றோடு போயிற்று. மூன்றாவது பயிற்சியில் ஹாமில்டன் சுவரில் மோத, கிரேன் காரைத் தூக்கியது. தகுதிச் சுற்றில் ரெட் புல் ஓட்டுநர் பெரெஸ் மோத, இந்த முறை அவர் கார் வானத்தில் தொங்கியது. அதுவரை யாரும் பார்க்காமல் காத்து வைத்திருந்த ஆர்பி19இன் அடிவயிறு உலகத்தின் எல்லாக் கேமராக்களுக்கும் முன்னால்! சுரங்கம் எங்கே உயர்கிறது, எங்கே வளைகிறது, எங்கே படிபோல இறங்குகிறது என்று அந்தப் படங்களை வைத்து நாங்கள் நண்பர்கள் இரவெல்லாம் பேசினோம். மெர்சிடிஸின் அடித்தளம் அதற்கு முன்னால் எளிமையாகத் தெரிந்தது. சைட்பாட்டைப் பார்த்துப் படியெடுக்கலாம், அடித்தளத்தை எடுக்க முடியாது என்பது அந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று புரியும்.

அந்த ஆண்டு ஃபெராரியும் பார்சிலோனாவில் பாத்டப்பைக் கைவிட்டது. கிட்டத்தட்ட எல்லாரும் ரெட் புல் சரிவுக்கு வந்துசேர்ந்த பிறகு ரெட் புல் என்ன செய்தது தெரியுமா? 2024இன் ஆர்பி20இல் மேல் உதட்டை முன்னே நீட்டி, வாயைச் செங்குத்துக் கீற்றாக ஒடுக்கி, இன்ஜின் உறையின் இருபுறமும் பீரங்கிக் குழல் போல முகடுகளை எழுப்பிக்கொண்டு வந்து நின்றது. மெர்சிடிஸ் தூக்கிப்போட்ட யோசனையின் சாயல் அதில் அப்பட்டமாக இருந்தது. டபிள்யூ13ஐ நேசித்த எவருக்கும் அன்று மனசு குளிர்ந்திருக்கும்.

குளிர்விப்பு ஏற்பாடு காரின் உருவத்தை மாற்றுவது இப்போது தொடங்கிய கதையில்லை. 1970இன் லோட்டஸ் 72தான் ரேடியேட்டரை மூக்கிலிருந்து எடுத்து இரு பக்கத்துக்கும் கொண்டுவந்து, பந்தயக் காரை ஆப்பு வடிவத்துக்கு மாற்றியது. எனக்கு அதைவிடப் பிடித்தது 1978இன் பிராபம் பிடி46. அதன் வடிவமைப்பாளர் கார்டன் முரே அந்தக் காரில் ரேடியேட்டரே வேண்டாம், உடம்பின் மேற்பரப்பில் பதித்த தட்டையான தகடுகளே சூட்டை ஆற்றட்டும் என்று முயன்றார். சூடு அடங்கவில்லை. விடுவாரா? அதே ஆண்டு காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியை மாட்டினார். கிடையாகப் படுத்த ரேடியேட்டர் வழியே காற்றை இழுத்து ஆற்றுவதற்குத்தான் விசிறி என்பது அவர்கள் வாதம். அடியிலிருந்த காற்றையும் உறிஞ்சி அது காரைத் தரையோடு ஒட்ட வைத்தது. ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப் பந்தயத்தில் நிக்கி லாவ்தா அரை நிமிடத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். கார் அந்த ஒரே பந்தயத்தோடு விலக்கிக்கொள்ளப்பட்டது. குளிர்விப்பும், காரைக் கீழே அழுத்தும் டௌன்ஃபோர்ஸும் ஒரே உறுப்பில் அவ்வளவு வெளிப்படையாகச் சேர்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அமெரிக்காவின் இண்டிகாரில் எல்லாருக்கும் ஒரே டல்லாரா உடம்பு என்பதால் சைட்பாட் போட்டி கிடையாது. ஆனால் 2020இல் வந்த ஏரோஸ்கிரீன் புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. கல்லும் சக்கரமும் தலையில் படாமல் தடுக்கும் அந்தக் கண்ணாடி போன்ற கவசம் காற்றையும் தடுத்துவிடுகிறது. இன்ஜினுக்குப் போலவே ஓட்டுநருக்கும் தனிக் காற்றுக்குழாய் தேவைப்பட்டது. ஃபார்முலா ஈ கார்கள் இன்னும் விநோதம். மின்மோட்டார் மிகத் திறமையானது, அதனால் வெளியேற்ற வேண்டிய சூட்டின் அளவு குறைவு. ஆனால் பேட்டரி அதிகச் சூட்டைத் தாங்காது. இன்ஜின் நீரைப் போல 100 பாகைக்கு மேலே ஏற விட முடியாது. வெளிக்காற்றோடு இடைவெளி குறைவதால், அந்தக் குறைந்த சூட்டை ஆற்றவே எதிர்பார்ப்பதைவிடப் பெரிய குளிர்விப்பான் வேண்டும். 2026 ஃபார்முலா ஒன் விதிகளிலும் இதே சிக்கல் உள்ளே நுழைகிறது. மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350க்குத் தாவியிருக்கிறது, டர்போவோடு இணைந்த மோட்டார் போய்விட்டது, கார் குறுகியிருக்கிறது, நீண்ட வெஞ்சுரிச் சுரங்கங்கள் போய் அடித்தளம் தட்டையாகிவிட்டது. சூட்டின் வகையே மாறும்போது விலாவின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்கச் சிங்கப்பூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இரவிலும் 30 பாகையை ஒட்டிய புழுக்கம், இருபுறமும் சுவர், அடுத்தடுத்து மெதுவான திருப்பங்கள். காற்று கிடைக்காமல் கார் திணறும். 2025இல் முதன்முறையாக வெப்ப அபாய அறிவிப்பு வந்ததும் இந்தப் பந்தயத்துக்குத்தான். மெக்ஸிகோ நகரம் மட்டுமே இதற்குப் போட்டி: அங்கே 2,200 மீட்டருக்கு மேல் உயரம், காற்றே மெல்லியது, உடம்பை எவ்வளவு திறந்தாலும் போதாது. சிங்கப்பூரில் வியாழக்கிழமை பிட் நடையில் போனால் கயிற்றுக்கு அப்பால் சில மீட்டர் தூரத்தில் கராஜ். ஒரு முறை இன்ஜின் உறை கழற்றித் தாங்கியில் சாய்த்து வைத்திருந்தது. உட்புறம் முழுக்கப் பொன்னிற வெப்பத் தடுப்புப் படலம், நகைக்கடை விளக்கில் வைத்தது மாதிரி ஜொலித்தது. படலத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஒரு மெக்கானிக் மண்டியிட்டு, காற்றுக்குழாய் ரேடியேட்டரோடு சேரும் ரப்பர் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி தடவினார். இடுப்பிலிருந்து நாடாவை எடுத்து நகத்தளவு கிழித்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே வந்த காற்று ரேடியேட்டரைக் கடக்காமல் அந்த நூலிழைச் சந்து வழியே நழுவினால், அந்தக் காற்றுக்காகக் கொடுத்த இழுவிசை அத்தனையும் தண்டம். அதற்காகத்தான் அந்த நகத்தளவு நாடா. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த கூட்டம் தள்ளித்தான் நகர்த்தியது.

டிக்கெட் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருப்பங்களில் முந்துவதைப் பார்க்கும் இருக்கை நல்லதுதான், ஆனால் ஒரு முறையாவது கிரிட்டுக்கு எதிரே உட்காருங்கள். பந்தயத்துக்கு முன்னால் கார்கள் வரிசையில் வந்து நின்றதும் காற்றோட்டம் நின்றுவிடும். உடனே மெக்கானிக்குகள் ஓடிவந்து, உலர்பனி நிரப்பிய ஊதிகளை இரண்டு காற்றுவாய்களிலும் செருகுவார்கள். வெண்புகை விலாவிலிருந்து வழியும். ஊதியின் முனை ஒவ்வொரு அணிக்கும் வேறு வடிவம், அந்தந்த வாய்க்குப் பொருந்தும்படி செய்தது; அதைப் பார்த்தே யாருடைய வாய் ஒடுக்கம், யாருடையது அகலம் என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். பைனாகுலர் கொண்டுபோங்கள். கார்கள் கிளம்பிப் போகும்போது பின்புறத்தைப் பாருங்கள்: இன்ஜின் உறையின் வால் எவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறது, செவுள்கள் எத்தனை வரிசை என்று கவனியுங்கள். எந்த அணி அந்த ஊரின் புழுக்கத்துக்குப் பயந்தது, எது துணிந்து மூடி வைத்தது என்று முதல் சுற்று முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.